கோவில்பட்டியிலிருந்து ஒரு பார்வையாளர்

ஆகஸ்ட் 19, செவ்வாய்

இந்த டைரி மீன் தீவனக் கம்பெனிக்காரர் புத்தாண்டுக்குக் கொடுத்தது. இத்தனை நாளும் மேசை ஆடாமல் இருக்க அதன் காலுக்கடியில் கிடந்தது. இன்று வெளியே வந்ததற்குக் காரணம் ரெஹானா. எங்கள் ஆண்டாள் அக்வேரியத்துக்கு இணையதளம் செய்து கொடுத்தவர். கொளத்தூரில் எங்கள் தெருவிலேயே பேக்கரி மாடியில் அலுவலகம் வைத்திருக்கிறார். தளத்தில் என்றைக்கு எதை மாற்றினேன், அதற்குப் பிறகு வந்தவர்கள் நின்றார்களா ஓடினார்களா என்று தேதி போட்டு எழுதி வைக்கச் சொன்னார். ஆகவே இது கடை சம்பந்தப்பட்டது. சொந்தக் கதை எழுதும் வழக்கம் எனக்குக் கிடையாது.

தளத்துக்கு ஆசைப்பட்டது நான் இல்லை. என் மனைவி கோமதி. இப்போதெல்லாம் மீன் வாங்குகிறவர்கள் போனில் பார்த்துவிட்டுத்தான் தெருவுக்குள்ளேயே வருகிறார்கள் என்று சொல்லிச் சொல்லி, கடைசியில் என்னைக் கேட்காமலே ரெஹானாவிடம் போய்ப் பேசிவிட்டாள். தளம் தயாரானபோது அவள் இங்கே இல்லை. தங்கை பிரசவத்துக்காகக் கோவில்பட்டிக்குப் போயிருக்கிறாள். ஆகவே அவள் இழுத்துவிட்ட வேலை என் தலையில்.

நிலவரம்: வருகிறவர்கள் கண் மூடித் திறப்பதற்குள் போய்விடுகிறார்கள். ரெஹானா இதைப் பக்குவமாகத்தான் சொன்னார். பக்குவமாகச் சொன்னால் மட்டும் வலிக்காதா என்ன.

ஆகஸ்ட் 20, புதன்

இன்று தளத்திலிருந்து எடுத்தவை: வீணை இசை, போன் நம்பர் கேட்டு முன்னால் வந்து நிற்கும் பெட்டி, 'உலகத் தரம் வாய்ந்த' என்ற வார்த்தை இருந்த எல்லா வரியும்.

வீணை என் யோசனை. தளத்தைத் திறந்ததும் மங்களகரமாக இருக்கட்டும் என்று வைத்தேன். கடைக்குள் காலை வைக்கிற ஆளின் காதில் வீணையை வாசித்து, கையைப் பிடித்து நம்பரைக் கேட்டால் நீங்களே நிற்பீர்களா என்று ரெஹானா கேட்டார். நான் நிற்பேன் என்றேன். அவர் சிரித்துக்கொண்டே எடுத்துவிட்டார்.

படங்கள் பெரிதாக இருப்பதால் திறக்கத் தாமதமாகிறதாம். அதையும் சின்னதாக்கினார். கடையில் மோட்டார் பழுது. மாலை முழுக்க அதோடு போனது.

ஆகஸ்ட் 23, சனி

கொஞ்சம் தேவலை. ஆனாலும் விலைப் பட்டியலைப் பார்த்துவிட்டுப் போய்விடுகிறார்கள்.

ரெஹானா கடைக்கே வந்து ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார். "உள்ள வர்றவங்க எந்த இடத்துல ரொம்ப நேரம் நிப்பாங்கண்ணா?" என்று கேட்டார். யோசிக்கவே வேண்டியதில்லை. ஜமீன்தார் முன்னால்தான்.

ஜமீன்தார் எங்கள் கடையின் ஃப்ளவர்ஹார்ன் மீன். விற்பனைக்கு இல்லை. நெற்றியில் பந்து மாதிரிப் புடைப்பு, பக்கவாட்டில் கறுப்புத் திட்டுகள், பார்வையில் ஒரு திமிர். கட்டைவிரல் அளவில் இருந்தபோதே சாகப் போகிறது என்று நான் ஒதுக்கியதைக் கோமதி எடுத்து வளர்த்தாள். தொட்டிக்குள் ஒரு நீலக் கோலிக்குண்டு கிடக்கிறது. தினமும் காலையில் விளக்குப் போட்டதும் அதை வாயால் கவ்வி இடது மூலைக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பான். கோமதி அதை எடுத்து நடுவில் போடுவாள், இப்போது நான் போடுகிறேன். மறுநாள் மறுபடி மூலைக்குப் போகும். நிலத்தை அளந்து கல் நடுகிறார் என்று சொல்லி அவள் வைத்த பெயர்தான் ஜமீன்தார்.

அந்தத் தொட்டி முன்னால் கேமரா வைத்து, கடை திறந்திருக்கும் நேரமெல்லாம் தளத்தில் நேரலையாகக் காட்டப் போகிறோம். கீழே கேள்வி கேட்க ஒரு பெட்டி. கேள்விக்கு அன்றைக்கே நான் பதில் எழுத வேண்டும். மீனை யார் போனில் உட்கார்ந்து பார்ப்பார்கள் என்றேன். பார்ப்பார்கள் என்றார்.

ஆகஸ்ட் 30, சனி

பார்க்கிறார்கள்.

செப்டம்பர் 2, செவ்வாய்

எத்தனையோ பேர் வேலை நேரத்தில் ஜமீன்தாரைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்களாம். அமைந்தகரையிலிருந்து ஒருவர் தொட்டி விசாரித்து நேரிலேயே வந்துவிட்டார். தொட்டியை வாங்குவதற்கு முன்னால் ஜமீன்தாருக்கு வணக்கம் வைத்தார்.

ரெஹானா என் போனில் ஒரு பக்கத்தைப் போட்டுக் கொடுத்திருக்கிறார். இந்த நிமிடம் யார் யார் தளத்தில் இருக்கிறார்கள், எந்த ஊரிலிருந்து என்று அதில் தெரியும். ஊரை மட்டும் அப்படியே நம்ப வேண்டாம், போனில் பார்க்கிறவர்களுக்குப் பக்கத்து டவர் எந்த ஊரில் இருக்கிறதோ அதைக் காட்டும் என்றார்.

ஒரு விஷயம் கவனித்தேன். ஒரு பார்வையாளர் தினமும் தவறாமல் வருகிறார். காலையில் நான் தீவனம் போடும் நேரம், சாயங்காலம் தீவனம் போடும் நேரம். மற்றவர்கள் மீன் துள்ளும்போது நிற்பார்கள். இவர் என் கை தண்ணீருக்குள் இருக்கும் வரை இருந்துவிட்டுப் போகிறார். எதிர்க்கடை பாண்டுரங்கன் வேவு பார்க்கிறான் என்றுதான் நினைத்தேன். ஊரைப் பார்த்தால் கோவில்பட்டி என்று காட்டுகிறது.

கோவில்பட்டி பெரிய ஊர். அங்கேயும் மீன் பிரியர்கள் இருக்கத்தான் செய்வார்கள்.

செப்டம்பர் 4, வியாழன்

புதுச் சட்டை போட்டுக்கொண்டு தீவனம் போட்டேன். கேமராவில் கை மட்டும்தான் தெரியும் என்பது பிறகுதான் நினைவுக்கு வந்தது.

செப்டம்பர் 5, வெள்ளி

கண்ணாடி விளிம்பு கிழித்து உள்ளங்கையில் வெட்டு. துணி சுற்றிக்கொண்டு வேலை செய்தேன். சாயங்காலம் பெட்டியில் ஒரு கேள்வி, பெயர் 'மீன் பிரியர்' என்று போட்டு:

'தொட்டியில் கை விடுபவர் காயத்துக்கு மருந்து போட்டாரா? துருப்பிடித்த தகரம் என்றால் ஊசி போட்டுக்கொள்ள வேண்டும். இல்லையென்றால் மீனுக்கு ஆகாது.'

மீனுக்கு என்ன ஆகிவிடும் என்று எனக்குப் புரியவில்லை. ஆனாலும் வாடிக்கையாளர் கேள்வி. 'தங்கள் அக்கறைக்கு நன்றி. தகரம் அல்ல, கண்ணாடி. மருந்து போட்டாயிற்று' என்று பதில் எழுதினேன். பிறகு மருந்துக் கடைக்குப் போய் மருந்து வாங்கிப் போட்டேன்.

செப்டம்பர் 8, திங்கள்

டீக்கடை எத்திராஜ் இன்றும் ஆரம்பித்துவிட்டார். பிரசவத்துக்குப் போன கோமதி அந்தப் பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் சேர்த்துவிட்டுத்தான் வருவாள் போலிருக்கிறதே என்கிறார். சிரித்து வைத்தேன்.

கடைக்குத் திரும்பியதும் கோமதியின் தம்பி சண்முகராஜிடமிருந்து போன். அங்கே ஒரு கடலை மிட்டாய்க் கம்பெனியில் அவளைக் கணக்கு வேலைக்குக் கூப்பிடுகிறார்களாம். விஜயதசமி அன்று சேர வேண்டுமாம். அவள் சரி என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை. "சேந்துட்டான்னா அப்புறம் வர மாட்டா அத்தான். அவ சுபாவம் உங்களுக்குத் தெரியாததா? நீங்க ஒரு வார்த்தை பேசிட்டா முடிஞ்சு போகும்" என்றான்.

அவள் இஷ்டம் என்று சொல்லி வைத்துவிட்டேன். வைத்த பிறகு ஒரே தொட்டிக்கு இரண்டு தடவை தீவனம் போட்டுவிட்டேன். சாப்பிடாததால் இருக்கும்.

ரெஹானா இந்த டைரியைப் படிக்கப் போவதில்லை. எழுதலாம். தங்கைக்குக் குழந்தை பிறந்தது சித்திரையில்.

கோமதி போனது ஜூலையில், அதுவும் நான் போகச் சொல்லித்தான். எங்கள் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. ஊருக்குப் போகிறவர்கள் தங்கள் மீனைக் கடையில் விட்டுவிட்டுப் போவார்கள். அது செத்துவிட்டால் அதே மாதிரி ஒன்றைப் பிடித்துப் போட்டுக் கொடுத்துவிடுவோம். அவர்களுக்கும் மனசு கஷ்டப்படாது, நமக்கும் கெட்ட பெயர் இல்லை. எல்லாக் கடையிலும் நடப்பதுதான். பெரியார் நகரிலிருந்து வருகிற ஒரு சின்னப் பெண்ணின் தங்கமீனுக்கு அப்படித்தான் செய்தேன். அவள் கவரைத் தூக்கிப் பார்த்துவிட்டு, இது என் மீன் இல்லை அங்கிள் என்றாள். நான் சத்தியம் செய்யாத குறையாக இதுதான் என்றேன். கல்லாவில் இருந்த கோமதி எழுந்து வந்து அந்தப் பெண் முன்னால் குனிந்து, "உம் மீனு செத்துப் போச்சு பாப்பா. இது வேற. எங்கள மன்னிச்சுக்கோ" என்றாள்.

கடை நிறைய ஆள். எனக்குத் தலைக்கேறிவிட்டது. இவ்வளவு யோக்கியம் பேசுகிறவள் உங்கள் அப்பா வீட்டில் போய் உட்கார் என்று அத்தனை பேர் முன்னாலும் கத்தினேன். அவள் சாவியை மேசையில் வைத்தாள். போகும்போது சொன்னது ஒன்றுதான். ஜமீன்தாரைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்றாள்.

போன் பண்ண வேண்டியது யார் என்பதில்தான் இத்தனை நாள் ஓடிவிட்டது.

செப்டம்பர் 11, வியாழன்

தளம்: ஒவ்வொரு மீனுக்கும் ஒரு சின்னக் குறிப்பு எழுதிச் சேர்த்தேன். எது எதோடு சண்டை போடும், எது தனியாக இருந்தால் வாடும் என்று. ரெஹானா பாராட்டினார். இதைப் படிப்பவர்கள் அடுத்த பக்கத்துக்கும் போகிறார்களாம்.

கோவில்பட்டி இரண்டு வேளையும் வந்தது.

செப்டம்பர் 14, ஞாயிறு

ஜமீன்தார் தீவனத்தை வாயில் வாங்கித் துப்பிவிட்டான்.

செப்டம்பர் 16, செவ்வாய்

இன்றும் சாப்பிடவில்லை. மூலையில் ஒதுங்கி நிற்கிறான். கழிவு வெள்ளையாக நூல் மாதிரிப் போகிறது. இந்தத் தொழிலில் இருக்கிறவனுக்கு இது என்ன என்று தெரியும். குடலில் பூச்சி. ஆரம்பத்தில் பிடித்தால் பிழைக்கும்.

தண்ணீரில் பாதியை மாற்றினேன். உப்பும் மருந்தும் போட்டேன். பெட்டியில் உடனே கேள்வி வந்துவிட்டது, மீன் பிரியரிடமிருந்து: 'பொடி உப்பா, கல் உப்பா?'

'கல் உப்பு.'

'ஹீட்டரை மாற்றுங்கள். அது நின்று நின்றுதான் எரியும்.'

எங்கள் கடை ஹீட்டர் நின்று நின்று எரியும் என்பது கோவில்பட்டிக்கு எப்படித் தெரியும் என்று நான் கேட்கவில்லை. பாண்டுரங்கன் கடைக்கு ஓடிப்போய்ப் புது ஹீட்டர் வாங்கி வந்தேன். பதிலில் 'மாற்றியாயிற்று' என்று எழுதினேன். அதோடு இன்னும் ஏதாவது எழுதலாம் என்று நெடுநேரம் போனைக் கையில் வைத்திருந்தேன். கடைசியில் அதைச் சார்ஜில் போட்டேன்.

செப்டம்பர் 18, வியாழன்

ரெஹானா போன் செய்தார். குரலில் சந்தோஷத்தை அடக்கத் தெரியவில்லை. தளத்துக்கு இவ்வளவு பேர் வந்ததே இல்லையாம். ஒரு மீன் நோயாளி ஆனதும் எங்கெங்கிருந்தோ வந்து நிற்கிறார்கள். நேர்ந்துகொள்கிறார்கள், வைத்தியம் சொல்கிறார்கள், மஞ்சள் கரைத்து ஊற்றச் சொல்கிறார்கள். போகிற போக்கில் வடிகட்டியும் செடியும் வாங்குகிறார்கள்.

எனக்கு எரிச்சலாக வந்தது. நன்றாக இருந்தபோது வராதவர்கள் சாகக் கிடக்கிறபோது வேடிக்கை பார்க்க வருகிறார்கள். கேமராவை எடுத்துவிடலாமா என்று கேட்டேன். எடுத்தால் செத்துவிட்டது என்று நினைத்துவிடுவார்கள் என்றார். அதுவும் சரிதான். முக்கியமாக ஒருவர் அப்படி நினைத்துவிடக் கூடாது.

நெற்றிப் புடைப்பு வற்றிக்கொண்டு வருகிறது. கோவில்பட்டி இப்போது காலையும் மாலையும் என்றில்லை, நாள் முழுக்க இருக்கிறது.

செப்டம்பர் 20, சனி

இன்று காலை கோலிக்குண்டை நகர்த்தவில்லை. வாயை வைத்தான், தூக்க முடியவில்லை.

செப்டம்பர் 22, திங்கள்

கடை திறந்தபோது ஜமீன்தார் மேலே மிதந்துகொண்டிருந்தான்.

கேமராவைப் போடவில்லை. தளத்தில் 'பராமரிப்புப் பணி, சிரமத்துக்கு வருந்துகிறோம்' என்று போடச் சொல்லி ரெஹானாவுக்குச் செய்தி அனுப்பினேன். அவனைக் கையில் எடுத்தேன். இத்தனை வருடமும் கையைக் கடித்தே பழகியவன் பேசாமல் கிடந்தான். எனக்கு அழுகை வந்துவிட்டது. ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு உட்கார்ந்து அழுதேன். மீனுக்காகவா என்று கேட்டால் சொல்லத் தெரியாது.

கோமதியின் நம்பரை அழுத்தினேன். மணி அடிப்பதற்கு முன்னால் துண்டித்தேன். என்ன சொல்வது? நீ கேட்டுக்கொண்ட ஒரே காரியத்தையும் கோட்டை விட்டுவிட்டேன் என்றா? விஜயதசமிக்கு இன்னும் பத்து நாள்கூட முழுசாக இல்லை. இந்தச் சேதியைக் கேட்டால் அவள் இங்கே வருவதற்கு என்ன இருக்கிறது?

செப்டம்பர் 23, செவ்வாய்

செங்குன்றம் பக்கத்துப் பண்ணைக்குப் போனேன். அங்கே வேலை செய்கிறவரிடம் ஜமீன்தாரின் படத்தைக் காட்டினேன். அவர் ஒரு வார்த்தை கேட்கவில்லை. பழகிய காரியம்தானே. தொட்டி தொட்டியாக அழைத்துப் போய்க் காட்டினார். கடைசித் தொட்டியில் ஒருவன் இருந்தான். அதே புடைப்பு, அதே திட்டுகள், வால் பக்கம் மட்டும் ஒரு திட்டு கூடுதல். கேமராவில் தெரியாது.

வரும் வழியெல்லாம் கவருக்குள் இருந்து என்னை முறைத்துக்கொண்டே வந்தான்.

செப்டம்பர் 24, புதன்

காலையில் கேமரா போட்டாயிற்று. போடுவதற்கு முன்னால் கோலிக்குண்டை நானே எடுத்து இடது மூலையில் வைத்தேன்.

அவ்வளவுதான், தளம் திருவிழா ஆகிவிட்டது. ஜமீன்தார் பிழைத்துவிட்டார் என்று பெட்டி நிறைய வாழ்த்துகள். யாரோ ஒருவர் வேண்டுதலை நிறைவேற்றத் தேங்காய் உடைத்தாராம். ரெஹானாவும் நம்பிவிட்டார்.

கோவில்பட்டி வந்தது. சாயங்காலம் தீவனம் போட்டேன். புதியவனுக்கு என் கை பழக்கமில்லை, பயந்து விலகினான். இரண்டு நாளில் பழகிவிடுவான்.

செப்டம்பர் 25, வியாழன்

இன்றும் கோலியை மூலையில் வைத்துவிட்டுத்தான் கேமராவைப் போட்டேன். காலை முழுக்கக் கோவில்பட்டி இருந்தது. புதியவன் கோலியின் பக்கமே போகவில்லை. மத்தியானம் பெட்டியில் மீன் பிரியர்:

'கோலிக்குண்டை இன்று யார் நகர்த்தியது?'

வாடிக்கையாளர் இரண்டு பேர் நின்றிருந்தார்கள். கப்பி மீன் பிடித்துக் கவரில் போட்டு, காற்று அடைத்து, ரப்பர் பேண்ட் மாட்டிக் கொடுத்தேன். அவர்கள் போன பிறகும் கேள்வி அங்கேயே இருந்தது. அன்றைக்கே பதில் எழுத வேண்டும் என்பது விதி.

'ஜமீன்தார்தான்' என்று எழுதினேன்.

அடுத்த நொடி பட்டியலில் கோவில்பட்டி இல்லை.

செப்டம்பர் 26, வெள்ளி

வரவில்லை.

காலையில் சண்முகராஜ் பேசினான். கோமதியின் சான்றிதழ்கள் கடையை ஒட்டிய எங்கள் வீட்டுப் பீரோவில் இருக்கின்றனவாம். எடுத்து வைக்கச் சொன்னான். ஆயுத பூஜை அன்று கோவில்பட்டி வீட்டிலிருந்து யாராவது வந்து வாங்கிக்கொள்வார்களாம்.

"நேத்து காலம்பற வரைக்கும் அந்த வேலை வேண்டாம்னுதான் சொல்லிக்கிட்டு இருந்தா அத்தான். பையக்கூட எடுத்து வச்சிருந்தா. மத்தியானம் போனப் பாத்துக்கிட்டே இருந்தவ, எந்திரிச்சு வந்து வேலைக்குச் சேர்றேன்னு சொல்லிட்டா. அங்க என்னதான் நடந்துச்சு?"

ஒன்றுமில்லை என்றேன். என் வாயிலிருந்து வேறு எதுதான் வந்திருக்கிறது.

செப்டம்பர் 27, சனி

பீரோவிலிருந்து சான்றிதழ்களை எடுத்து உறையில் போட்டேன். புதியவன் இன்று கையில் வந்து தீவனம் வாங்கினான். பார்த்தவர்கள் கொண்டாடினார்கள். எனக்குப் பிடிக்கவில்லை. அவன் மேல் என்ன தப்பு, பாவம்.

செப்டம்பர் 28, ஞாயிறு

காலையில் கேமரா ஓடிக்கொண்டிருக்கும்போதே, எல்லாரும் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, புதியவனை வலையில் பிடித்து வேறு தொட்டிக்கு மாற்றினேன். கோலிக்குண்டைத் தொட்டியின் நடுவில் போட்டேன். பிறகு தளத்தில் எழுதினேன். நாலு தடவை எழுதி அழித்த பிறகு இப்படி வந்தது:

'ஜமீன்தார் திங்கட்கிழமை இறந்துவிட்டான். அதன் பிறகு நீங்கள் பார்த்தது வேறு மீன். நான்தான் மாற்றி வைத்தேன். கோலிக்குண்டை நகர்த்தியதும் நான்தான். கேட்டபோது பொய் சொன்னேன். ஒரு சின்னப் பெண்ணிடமும் முன்பு இதே காரியத்தைச் செய்தேன். அன்று உண்மையைச் சொன்னவரைக் கடையை விட்டு அனுப்பினேன். இனி இந்தக் கடையில் விட்டுப்போகும் மீன் இறந்தால் இறந்தது என்றே சொல்லப்படும். தணிகாசலம்.'

ரெஹானா மாடியிலிருந்து ஓடி வந்தார். "இப்பதான் இவ்ளோ பேர் வந்து நிக்கிறாங்க. இதப் போட்டா ஒருத்தர்கூட நிக்க மாட்டாங்கண்ணா. மீன் செத்துருச்சுன்னு மட்டும் போடுங்க, போதும். மாத்துனதெல்லாம் எதுக்கு?" என்றார். அவர் சொல்வது வியாபாரத்துக்குச் சரி. எனக்கு ஒருவர் நின்றால் போதும் என்று அவரிடம் சொல்ல வெட்கமாக இருந்தது. அப்படியே இருக்கட்டும் என்று மட்டும் சொன்னேன். கேமராவையும் எடுக்க வேண்டாம் என்றேன்.

காலித் தொட்டியையா காட்டப் போகிறீர்கள் என்று கேட்டார். ஆமாம் என்றேன்.

செப்டம்பர் 29, திங்கள்

பெட்டியில் திட்டு. தேங்காய் உடைத்தவர் தேங்காய்க்குப் பணம் கேட்கிறார். 'ஏமாற்றுக்காரன் கடை' என்று ஒருவர். எல்லாவற்றுக்கும் அன்றைக்கே பதில் எழுதினேன். 'நீங்கள் சொல்வது சரி' என்பதைத் தவிர எழுத வேறு இல்லை.

மாலைக்குள் பட்டியல் காலி. எத்திராஜ் டீயை நீட்டிவிட்டு எதையும் கேட்கவில்லை. அவருக்கும் யாரோ போனில் காட்டியிருக்கிறார்கள். இனி அவரிடம் பிரசவம் என்று சொல்ல வேண்டியதில்லை. அந்த மட்டில் நிம்மதி.

செப்டம்பர் 30, செவ்வாய்

ரெஹானாவிடமிருந்து போன். மெதுவாகப் பேசினார். "அண்ணா, காலித் தொட்டிய ஒருத்தங்க காலைலேர்ந்து பாத்துட்டே இருக்காங்க. உள்ள ஒண்ணுமே இல்லியே, என்னத்தப் பாக்குறாங்க?"

போனை வைத்துவிட்டுத் தொட்டிப் பக்கம் போனேன். பக்கத்தைத் திறந்து பார்க்கப் பயமாக இருந்தது. பார்த்தேன். ஒரே ஒரு பெயர். கோவில்பட்டி.

என்ன செய்வது என்று தெரியவில்லை. கையைத் தண்ணீருக்குள் விட்டுக் கண்ணாடியைத் தேய்க்க ஆரம்பித்தேன். தேய்த்த இடத்தையே தேய்த்தேன். எடுத்தால் போய்விடுவாளோ என்று கையை எடுக்கவில்லை. தோள் வலிக்க ஆரம்பித்தபோது பெட்டியில் கேள்வி வந்தது.

'ஜமீன்தாரை எங்கே வைத்தீர்கள்?'

'கடைக்குப் பின்னால், முருங்கை மரத்தடியில். உன் மஞ்சள் துண்டில் சுற்றி வைத்தேன்' என்று எழுதினேன். 'உன்' என்று எழுதியதை அனுப்பிய பிறகுதான் கவனித்தேன். வாடிக்கையாளருக்கு இப்படி எழுதக் கூடாது.

பதில் இல்லை. கடை மூடும் வரை கோவில்பட்டி போகவும் இல்லை.

அக்டோபர் 1, புதன், ஆயுத பூஜை

காலையிலேயே பூசணிக்காய், பொரி, வாழைக்கன்று எல்லாம் வாங்கி வைத்தாயிற்று. தொட்டிகளைக் கழுவினேன். சான்றிதழ் உறை மேசை மேல் இருக்கிறது. இன்று யாராவது வருவார்கள். சண்முகராஜாகத்தான் இருக்கும்.

போனில் பக்கத்தைத் திறந்தேன். ஒரு பார்வையாளர். சாத்தூர்.

சாத்தூரில் எனக்கு யாரையும் தெரியாது. புதிதாக யாரோ என்று நினைத்துக்கொண்டு தொட்டிகளைத் துடைக்கப் போனேன். திரும்பி வந்து பார்த்தால் விருதுநகர். அப்போதும் ஒரே ஒரு பார்வையாளர்தான். டவர் விஷயத்தில் ரெஹானா சொன்னது நினைவுக்கு வந்தது. பகல் ரயில் ஒன்று இருக்கிறது.

ஆனால் சண்முகராஜ் வந்தாலும் இதே ஊர்கள்தானே வரும்? அவன் போனிலும் தளத்தைத் திறக்கலாம். மதுரை வரும் வரை இதையே மாற்றி மாற்றி நினைத்துக்கொண்டிருந்தேன். போன் போட்டுக் கேட்டால் தெரிந்துவிடும். கேட்கத் துணியவில்லை. அவன்தான் என்று தெரிந்துவிட்டால் மீதி நாளை என்ன செய்வது?

திண்டுக்கல்லில் பெட்டிக்குள் ஒரு வரி வந்தது. பெயர் எதுவும் போடவில்லை.

'கண்ணாடியில் இடது பக்கம் மேலே அழுக்கு இருக்கிறது. துடைத்துவிட்டுச் சந்தனம் வையுங்கள். நேற்று அவ்வளவு நேரம் தேய்த்தும் அந்த இடத்தை விட்டுவிட்டீர்கள்.'

ஒவ்வொரு வருடமும் தொட்டிகளுக்குச் சந்தனம் வைப்பது கோமதி. எனக்கு எப்போதும் திட்டு விழுவது அந்த இடதுபுற மேல் மூலைக்காக. துடைத்தேன். கண் மறைத்ததால் இரண்டு தடவை துடைக்க வேண்டியிருந்தது. சந்தனம் வைத்து, அதன் நடுவில் குங்குமம் வைத்தேன். சான்றிதழ் உறையை எடுத்துப் பீரோவில் பழைய இடத்திலேயே வைத்துவிட்டு வந்தேன்.

திருச்சி. விழுப்புரம். நடுநடுவே ஊரே இல்லாமல் போகும், பக்கத்தை மூடி மூடித் திறப்பேன், பிறகு அடுத்த ஊர் வரும். பூசணிக்காயை உடைக்க எத்திராஜ் கூப்பிட்டார். பிறகு என்றேன். தொட்டியை விட்டு நகரவில்லை. பார்ப்பதற்கு அவளுக்கு ஏதாவது வேண்டாமா? கையைத் தண்ணீரில் விட்டுக் கோலிக்குண்டை நானே மூலைக்கு நகர்த்தினேன், மறுபடி நடுவுக்குக் கொண்டுவந்தேன். கேமராவுக்கு நேராக, எல்லாம் தெரியும்படி.

செங்கல்பட்டு. தாம்பரம். எழும்பூர்.

அதற்குப் பிறகு கொஞ்ச நேரம் எழும்பூரிலேயே நின்றது. அப்புறம் பெரம்பூர் என்று காட்டியது. ஆட்டோவில் வருகிறாள் போலிருக்கிறது. நான் சட்டையை மாற்றிக்கொண்டேன்.

சற்று முன்னால் பக்கத்தைப் பார்த்தேன். பார்வையாளர் யாரும் இல்லை. வாசலில் ஆட்டோவின் சத்தம் கேட்கிறது. இந்தத் தளம் தொடங்கிய நாளிலிருந்து ஒருவர் வெளியேறியதற்காக நான் சந்தோஷப்படுவது இதுதான் முதல் தடவை.